உங்கள் தொலைக்காட்சிக்காரருக்காக நாங்கள் செய்த ஜெபம்

அண்ணா,

நேற்று மாலை ஜெபமாலைக்கு இருந்தவர்கள்: நான், என் மகன் ஜோசப், அடுத்த வீட்டுப் பெரியம்மா டோ மேரி, அவருடைய மருமகள். மின்சாரம் இல்லை. மெழுகு உருகும் வாசனையில், உங்கள் ஆன்மாவுக்காக வேண்டிய கையோடு, பழக்கத்தில் அந்த அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் பெயரையும் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த ஆளு பேரு இனி நம்ம வீட்டுல வேணாம்" என்றான் ஜோசப்.

"ஏன்ப்பா, அந்த ஃபாதருக்கு இன்னும் ஒடம்பு தேறலையா?" என்றார் டோ மேரி. இத்தனை காலமும் அவரை நோயில் கிடக்கும் சாமியார் என்று நினைத்தே வேண்டியிருக்கிறார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட ஜெபம்தான் அது. "இங்க ஒருத்தனாவது டிவியில ஆண்டவர் பேரைச் சொல்றான் தங்கச்சி. குடும்பம் வேணும், கருவை அழிக்காதேங்கிறான். அவனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்து."

அந்தச் சொற்களில் எனக்கு இன்றும் குறையில்லை. ஆனாலும் உங்களைச் சீண்டினேன்: "நம்ம ஊரு டிவி சொல்ற ஒண்ணையும் நம்ப மாட்டீங்க. அந்த ஊரு டிவின்னா மட்டும் வேதமா?"

"அங்க செய்தியைப் பயந்து படிக்கிறான். இங்க மனசாரப் பேசுறான்" என்று சிரித்தீர்கள்.

பிறகு அவரைச் சேனலே வெளியே அனுப்பியது. அவர் இணையத்தில் தனியாகப் பேசத் தொடங்கினார். உங்கள் பேச்சில் சிரிப்பு குறைந்தது. "ஆண்டவர் பேரைச் சொல்ற நம்ம ஆளுங்களே ஒருத்தரை ஒருத்தர் துரோகிங்கிறாங்க. யாரை நம்புறதுன்னே தெரியல" என்றீர்கள். ஆனாலும் அவரை மட்டும் விடவில்லை.

ஜோசப்புக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்து, உங்கள் வீட்டில் தங்கலாம் என்று முடிவான பின்புதான் நம் நாட்டுக்காரர்களுக்கு விசா இல்லை என்று அந்த அரசு சொன்னது. உங்கள் தொலைக்காட்சிக்காரர் அதைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் பேசினாராம். நீங்களே சொன்னீர்கள். கூடவே, "அது கெட்டவங்களைத் தடுக்கத்தான். நம்ம பையனுக்கு ஒரு வழி விடுவாங்க" என்றீர்கள். வழி விடுவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. உங்கள் முகத்தைக் கூட நான் பார்க்கவில்லை.

இங்கே நம் ஊர் அலோன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறார்கள். ஜோசப் வீட்டை விட்டு இறங்குவதில்லை. சந்தில் வண்டி நின்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போகிறான்.

பகைவருக்காகவும் வேண்டச் சொன்னார் ஆண்டவர். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதரைப் பகைவராக நினைத்து வேண்டினால், அது நீங்கள் கேட்ட ஜெபம் ஆகாது. நண்பராக நினைத்து வேண்ட, என் பிள்ளைக்கு எதிரே எனக்கு வாய் வரவில்லை. நிறுத்தினாலோ, நீங்கள் கடைசியாக என்னிடம் ஒப்படைத்ததை நானே கைவிட்டதாகிவிடும்.

அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் ஞாயிறு வருகிறது. என்ன செய்யட்டும், அண்ணா? கனவிலாவது வந்து சீக்கிரம் சொல்லுங்கள்.