பத்து சென்டிமீட்டர் கோடு

அன்புள்ள அத்தை,

இன்று மூன்றாவது பீரியடில் அந்த வாக்கியத்தை மறுபடி பார்த்தேன். எங்கள் பள்ளிக் கணினி அறைக்குப் புதிதாக ஆறு கணினிகள் வந்திருக்கின்றன. உறை பிரித்த பிளாஸ்டிக் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. நாங்கள் வழக்கமாக நிரல் எழுதும் பழைய நீலத்திரை மென்பொருளை சார் திறந்தார். அது திறக்கவில்லை. சின்னப் பெட்டி ஒன்று வந்து, இந்த நிரல் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று ஆங்கிலத்தில் சொன்னது. வகுப்பு முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் உங்கள் ஷூ கம்பெனியில் இதே பெட்டி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தையல் லைனில் ஒன்பது வருஷம் குனிந்து உட்கார்ந்துவிட்டு, அப்புறம் பேட்டர்ன் ரூமுக்கு வந்தவர் நீங்கள். தோலை எந்த வடிவத்தில் வெட்டினால் அது ஷூவாகும் என்பதைக் கணினியில் வரைந்து, அளவு அளவாகப் பெரிதாக்கி அச்சடித்துக் கொடுப்பது உங்கள் வேலை. பழைய கணினி ஒருநாள் நின்றுபோனது. அதற்கு முன்பே நீங்கள் எல்லாவற்றையும் சிடியில் எழுதி, எங்கள் வீட்டில் பைபிள் வைக்கும் அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தீர்கள். ஆனால் புதுக் கணினி அந்த நிரலைத் தொடவே மறுத்தது. நிரல் செய்து கொடுத்தவர்கள் கடையை மூடி வருஷக்கணக்காகிவிட்டது.

மேனேஜர் பாய் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார் என்று நீங்கள் வந்து சொன்னீர்கள். "ஜாஸ்தி டைம் இல்லம்மா. திங்கக்கிழமை வரைக்கும் பாரு. ஆவலேன்னா பேட்டர்ன் வேலைய மெட்ராசுக்கே குடுத்துடலாம். உனக்கு லைன்ல மிஷின் இருக்குது, பேஜார் ஆவாத." கவலைப்படாதே என்ற அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு முறை சொல்லிக் காட்டினீர்கள். சாப்பாட்டுத் தட்டில் விரல் நகரவே இல்லை.

நான் அந்த வாரம் முழுக்கப் படித்தேன். பழைய நிரல் பதினாறு பிட் காலத்துச் சில்லுக்காக எழுதப்பட்டது. புதுச் சில்லு அறுபத்து நான்கு பிட். அதன் மேல் ஓடும் அமைப்பில் பதினாறுக்கு இடமே வைக்கவில்லை. ஆனால் வழி இருந்தது. கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று. உள்ளே இருக்கும் அந்தக் கணினிக்குத் தனக்கு உடம்பு கிடையாது என்பதே தெரியாது. தன்னிடம் பழைய சில்லும் பழைய டிஸ்க்கும் இருப்பதாக நம்பி அது வேலை செய்யும். பிரௌசிங் சென்டரில் அதன் கையேட்டை அறுபது பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்தேன். கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காலாண்டுக்கு இவ்ளோ படிச்சியாடீ?" என்றீர்கள்.

சனிக்கிழமை காலையில் என்னையும் கம்பெனிக்குக் கூட்டிப்போனீர்கள். அறை முழுக்கத் தோலும் பசையும் மணத்தன. மென்பொருள், உள்ளே இருக்கும் கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கேட்டது. நான் தாராளமாக, ஏறக்குறைய இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்தது எழவில்லை. வெளியே இருந்ததும் மூச்சு விடாமல் நின்றது. என்ன செய்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "வாடகைக்கு வந்தவனுக்கு மொத்த வூட்டையும் குடுத்துட்டா, நாம எங்கடி படுக்கறது? ஒரு ரூம் போதும் அவனுக்கு." குறைத்துக் கொடுத்தேன். எழுந்துவிட்டது. புதுத் திரையின் நடுவே ஒரு சின்ன ஜன்னலில் உங்கள் பழைய கணினியின் சாம்பல் நிற முகம். நிரல் திறந்தது. சிடியிலிருந்த பேட்டர்ன்கள் ஒவ்வொன்றாக வர வர, பழைய தோஸ்துகளைப் பார்த்ததுபோல் மாடல் எண்களைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நீங்கள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அச்சடிக்கும்போது பேட்டர்னின் இரண்டு ஓரமும் தாளுக்கு வெளியே போய் வெட்டுப்பட்டன. 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற கட்டத்தில் நான் ஒரு டிக் போட்டேன். அழகாக, ஒரு புத்தகப் பக்கம்போல, நாலு பக்கமும் வெள்ளை விளிம்போடு வந்தது. எனக்கு ஒரே பெருமை.

நீங்கள் தாளை வெட்டி ஒட்டி, லாஸ்டின் மேல் சுற்றினீர்கள். பிளாஸ்டிக்கில் செய்த பாதம் அது. ஷூ எல்லாம் அதன் மேல்தான் வடிவம் பெறும். முன்னால் சரியாக உட்கார்ந்தது. இரண்டு பக்கத்தையும் இழுத்துக் குதிகாலில் சேர்த்தீர்கள். சேரவில்லை. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மறுபடி இழுத்தீர்கள், தாள் கிழிந்தது.

"பொய் சொல்லுது பாப்பா. உள்ள இருக்கறது என்னோட மிஷின் இல்ல," என்றீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தையல் லைனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மிஷின்கள் எல்லாம் உறை போட்டிருந்தன.

ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். திரையில் இருபது சென்டிமீட்டர் என்று இருந்த பேட்டர்ன் ஓரம் தாளில் பத்தொன்பதுதான். திரையில் பத்து, தாளில் ஒன்பதரை. இன்னொன்றை அளந்தேன், அதுவும் அதே கணக்கில் குறைந்திருந்தது. வடிவொத்த உருவங்கள், அத்தை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வருமே, அதுதான். கோணலே இல்லாமல் எல்லாம் ஒரே அளவில் சுருங்கியிருந்தது. அப்படியானால் உள்ளே இருந்தவன் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னதைத் தாளுக்குள் அடக்கியது என்னுடைய டிக்.

சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் திட்டவில்லை. "தாளுக்குத் தகுந்தாப்பல காலையே வெட்டப் பாத்திருக்க" என்று மட்டும் சொன்னீர்கள். டிக்கை எடுத்துவிட்டோம். பேட்டர்ன் இரண்டு தாளில் பாதி பாதியாக வந்தது. செலோ டேப் ஒட்டி, மறுபடி லாஸ்டில் சுற்றினீர்கள். குதிகாலில் இரண்டு ஓரமும் நூல் பிசகாமல் வந்து தொட்டன. நீங்கள் என் தலையை அப்படியே உங்கள் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டீர்கள். உங்கள் புடவையிலும் பசை வாசனை.

திங்கட்கிழமை நடந்தது நீங்கள் சொல்லித்தான் தெரியும். மேனேஜர் பாய் திரையைப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து தேடினாராம். "பழைய டப்பாவதான் தூக்கிப் போட்டாச்சே, இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாராம். சாம்பிள் ஜோடி அந்த வாரமே போனது. உங்கள் நாற்காலி உங்களிடமே இருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரியில் சேரும் வரை அந்த அறையில்தான் இருந்தீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்டர்னின் மூலையிலும் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து வைத்தீர்கள். தாள் வெளியே வந்ததும் முதலில் அந்தக் கோட்டின் மேல் ஸ்கேல். அது சரியாக இருந்தால்தான் கத்தரிக்கோல். "ஸ்கிரீன் இன்னா வேணா சொல்லட்டும். வெட்டறதுக்கு முன்னாடி ஸ்கேலைக் கேளு." முதலில் கிழிந்துபோன தாளின் முன்பகுதி இப்போதும் என் அகராதியில் பக்க அடையாளமாக இருக்கிறது.

இன்று சாரிடம் அனுமதி கேட்டு, மதியத்துக்கு மேல் அதே மென்பொருளைப் போட்டேன். வாடகைக்கு வந்தவனுக்கு அளவாக ஒரே அறை. நீலத்திரை எழுந்தபோது என் பின்னால் வகுப்பே நின்றது. பிறகு, உள்ளே இருந்த, படம் வரையும் பழைய நிரலில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு அச்சடித்தேன். தாளின் மேல் ஸ்கேலை வைத்தேன். "எல்லாம்தான் ஓடுதே, இது எதுக்கும்மா?" என்று சார் கேட்டார்.

ஒன்பது புள்ளி ஏழு இருந்தது, அத்தை. முன்பே விழுந்திருந்த அந்த டிக்கைத் தேடி எடுத்துவிட்டேன்.