முடி மாத்திரையை நிறுத்திவிட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

முடி கொட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அதை நிறுத்திவிட்டேன். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை வேலை செய்யத்தான் செய்தது. சீப்பில் முடி வருவது நின்று, உச்சியில் பூனைமயிர் போலக் கொஞ்சம் முளைத்தது. ஆனால் அதே சமயம் எதிலும் பிடிப்பில்லாமல் போனது. உன் போட்டோவைப் பார்த்தால்கூட மனசு மரத்துக் கிடந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அறையில் கூட இருக்கும் கிரேன் ஓட்டுபவர், "அட, எல்லாம் பிரமைப்பா! உனக்கு முடி வேணுமா வேணாமா?" என்றார். அவர் தலையில் காடு மாதிரி முடி. அவர் பேச்சை எப்படி நம்புவது? டாக்டரிடமே போனேன்.

"சிலருக்கு இந்த மாத்திரையால ஆசை குறையும், மனசு சோர்ந்து போகும். குடும்பத்த விட்டுத் தனியா இருந்தாலும் சோர்வு வரும். நிறுத்திப் பாத்தாதான் எதுன்னு தெரியும்" என்றார் டாக்டரம்மா.

நிறுத்திப் பல வாரமாகிறது. முடி மறுபடி கொட்டுகிறது. ஆசை திரும்பிவிட்டது, அதை நேரில் சொல்கிறேன். சோர்வு மட்டும் போகவில்லை. மாத்திரையின் மிச்சமாக இருக்கும் என்று இன்னும் அதன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ போர்த்திய பழைய போர்வை ஒன்று அனுப்பு. போனைச் சட்டென்று வைத்துவிடாதே. பேச ஒன்றும் இல்லாவிட்டால் அதை அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

கம்பெனி வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்