ஒரு விண்கப்பல், இரண்டு கேப்டன்கள்

துஷ்யந்தி,

ஃபேக்டரி வேன் வாசலில் ஹாரன் அடிக்குது. சார்டின் கறி அடுப்பில், சோறு குக்கரில். சாப்பிடாமல் பெட்டி கட்டாதே. வாஷிங் மெஷின் காலியா இருக்கு, இன்னைக்கு நீதான் முதலில்.

பதினொரு மணிக்கு, மந்தின் டவுன்ல உனக்கு ரூம் வாடகைக்கு விடுற ஆன்ட்டி சாவியோட வர்றாங்களாம், உன் அண்ணன் சொன்னார்.

நான் எழுதி நீ வரையுற நம்ம அனிமே காமிக்ஸில் கனலி நான், மின்னி நீ. அது நமக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு விண்கப்பலுக்கு ஒரு கேப்டன் போதும், நீ இறங்கு!"ன்னு கனலி கத்துற பக்கத்தை வரையக் கொடுத்தேன். நீ பென்சிலை வச்சிட்டு ரூம் தேட ஆரம்பிச்சிட்டே.

கதை வேற, வீடு வேறன்னு நான் சாதிக்கலாம். மனசு வரல. மெஷினுக்காக நாம சண்டை போட்ட அன்னைக்குத்தான் அந்த வசனத்தை எழுதினேன். முக்கால்வாசி சிரிப்புக்கு, கால்வாசி உனக்கு. அந்தக் கால்வாசிக்கு மன்னிச்சிடு லா.

பக்கத்தை மாத்திட்டேன். கனலி வழி தெரியாமல் வியாழனை மூணு தரம் சுத்துறா; பின் சீட்டிலிருந்து மின்னி திட்டித் திட்டி வழி சொல்றா. நானே வரைஞ்சு பார்த்தேன். மின்னி பப்பாளிக்காய் மாதிரி வந்திருக்கா.

அண்ணி

பி.கு: மேசையில் இருக்கிறது என் வாசல் சாவி. மறந்து வைக்கல. உன் அண்ணன் வர ஏழு மணி ஆகும், நான் நாலுக்கே வந்திடுவேன். கதவைத் திறக்க நீ உள்ளே இருக்கணும்.