போன் அடிக்காத சனிக்கிழமை

மாப்ள, இன்றைக்கு ஆனையூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கழுத்தெல்லாம் தைலம் தடவியிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஏன் லேட் என்று ஆபீசில் கேட்டார்கள். பஸ் பஞ்சர் என்று சொல்லிவைத்தேன்.

இருபது வருஷம் பக்கத்து மேஜையில் இருந்து நீ பார்த்த கூத்துதானே நான். ஒரு ஃபைலில் கையெழுத்து விடுபட்டால் போதும். மெமோ வரும், சஸ்பெண்ட் ஆவேன், நாளைக்கு மகள் கல்யாணமே நடக்காது என்று டீ ஆறுவதற்குள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவேன். "அம்புட்டுத்தானா? ஜெயிலை விட்டுட்டியே மாப்ள" என்பாய். யார் வரப் பிந்தினாலும் எனக்கு ஆம்புலன்ஸ் சத்தம்தான் கேட்கும். நான் கவலைப்பட்டால்தான் எல்லாரும் பத்திரமாக வீடு சேர்வார்கள் என்று, யாரும் கேட்காமலே அந்த வேலையை என் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் நீ கொட்டாம்பட்டித் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவாய். போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தினால் நானே அடிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை உன் மேஜைப் பக்கமிருந்து தைல வாசனை வந்தது. நெஞ்சில் தடவியிருந்தாய். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"வாயுடா. ஒனக்கு எதைப் பாத்தாலும் பாடைதான். நாளைக்கு மிஸ்டு கால் கிடையாது. நீயும் அடிக்கக் கூடாது. ஒரு நாளாச்சும் சும்மா இருந்து பாரு, உலகம் முங்கிப் போகுதான்னு பாப்போம்."

"சரி, அடிக்கல போ" என்றேன். ரோஷம்.

சனிக்கிழமை மூன்று தடவை போனை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்தேன். கடைசியில் அதை பீரோவுக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் படுத்தேன். நீ பதினோரு மணிக்கே மோட்டார் ரூம் பக்கத்தில் விழுந்திருக்கிறாய். மாடு தேடி வந்த ஆள் உன்னைப் பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் உன் சம்சாரம், "எப்பவும் அடிப்பீங்களேண்ணே, அன்னிக்கு ஏண்ணே அடிக்கல?" என்று கேட்டது. விழுந்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்கும், போன் அடித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லட்டும். நான் நம்பவில்லை. இப்போது மகள் நாகமலை புதுக்கோட்டையில் படிக்கிறாள். பத்து நிமிஷம் பிந்தினால் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறேன். "ப்பா, மானத்தை வாங்காதீங்க" என்று அழுகிறாள். பாவிப்பயலே, சும்மா இருந்து பார் என்று இனி யார் சொன்னாலும் எனக்கு ஏறாது.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று மத்தியானம் நான் நன்றாகத் தூங்கினேன் மாப்ள. பயமே இல்லாத தூக்கம். எழுந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை நீ வந்ததும் முதல் வேலையாக, "பாத்தியா, அடிக்காம இருந்துட்டேன்ல" என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.