எதிர்க்கடை இருந்தவரை

மாப்ள,

இன்று காலை மாவுப் பானையின் மேல் போர்த்தியிருந்த கம்பளியை விலக்கியதும் புளித்த வாசம் குப்பென்று வந்தது. கூடவே உன் நினைவும். செண்பகனூர் மலைக் குளிரில் வீட்டில் அரைத்த மாவு பொங்காமல் அரைத்தபடியே கிடக்கும். அதனால்தான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் பானைக்குக் கம்பளி போர்த்தி, அடுப்போரம் வைத்துப் புளிக்க வைத்து விற்றோம்.

ஒருமுறை நான் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினேன். அத்தனை பேரும் ரோட்டைத் தாண்டி உன்னிடம் போய்விட்டார்கள். சாயங்காலம் நீயே வந்து நின்றாய். "என்ன மாப்ள, இந்த வாரம் பூராம் உன் வீட்ல இட்லிதானா?" என்று சிரித்தாய். பிறகு சாக்லேட் அடுக்கியிருந்த என் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாய். "ஏத்தணும்னா சாக்லேட்டுல ஏத்து. டூரிஸ்ட்டுக்காரன் வேணாம்னா விட்டுட்டுப் போயிருவான். மாவுல கை வைக்காத. கூலிக்குப் போறவங்க வெள்ளனே புள்ளைகளுக்கு வேற என்னத்தக் குடுப்பாங்க?"

அதன்பின் உன் விலைதான் என் விலையும். ஊரில் என்னை நியாயமான ஆள் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து, உன் ஷட்டர் மூடிய பிறகு வந்த முதல் மார்கழியில் பத்து ரூபாய் ஏற்றினேன். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. பானை வழக்கம்போல் காலியானது. துணிச்சல் வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

போன வாரம் உன் மனைவி வந்தாள். உங்கள் கடை கிரைண்டரை விற்றாயிற்றாம். "மாவு எவ்வளவுண்ணே?" என்றாள். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடும் இதே வாய் புது விலையைத்தான் சொன்னது. நீட்டிய நோட்டோடு, பர்ஸின் மூலையில் தேடி எடுத்த சில்லறையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மறுநாளே பழைய விலைக்கு இறக்கினேன். நேற்று மறுபடி வந்தவள், "போட்டிக்கு ஆளில்லாமயே குறைச்சிருக்கீங்க. அவரு எப்பவும் சொல்வாரு, உங்களுக்கு நல்ல மனசுன்னு" என்றாள்.

என்னால் தலை நிமிர முடியவில்லை, மாப்ள. என் நியாயம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் எதிரே திறந்திருந்த உன் கடைதான். இப்போதும் யாராவது விலை கேட்டால், சொல்வதற்கு முன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.