இரண்டாவது இலக்கம்

நானா,

இன்று சுபஹு தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கும்போது சின்ன விரலை வெகுநேரம் தேய்த்துக்கொண்டு நின்றேன். வாக்களிப்பு நிலையத்தில் பூசிய மை நகத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. பள்ளி ஹவுல் தொட்டியில் பக்கத்தில் இருந்தவர், "மை இருந்தாலும் வுளூ கூடும் மாஸ்டர், பயப்படாதீங்க," என்றார். நான் பயந்தது அதற்கில்லை.

சலீம் மறுபடியும் தோற்றுவிட்டார், நானா.

மாகாண சபைக்கு நீங்கள் இரண்டாவது தடவை நின்ற காலம்தான் நினைவுக்கு வருகிறது. முதல் தடவை தோற்றபோது, ஊருக்கே அண்ணனான நீங்கள் சிரித்தீர்கள். வாடியில் கருவாடு காயப்போடும் பெண்கள்தான் அழுதார்கள். அடுத்த தடவை நீங்கள் நின்றபோது நான் தபால் கந்தோர் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். "கல்பிட்டியில ஒங்களுக்குத் தெரியாத வூடு இல்ல, வாங்க மாஸ்டர்," என்று என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். கட்சிப் பட்டியலில் முஸ்லிம்கள் என்று நீங்களும் சலீமும் இருந்தீர்கள். தொண்ணூறாம் ஆண்டு புலிகளால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்தில் ஓலைக் குடிசையில் வளர்ந்தவர் அவர்.

கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டபின், விரும்பிய மூன்று வேட்பாளர்களின் இலக்கங்களுக்கும் போடலாம் அல்லவா? நம் ஆட்கள் சலீமின் இலக்கத்துக்கும், அவருடைய அகதிக் குடியிருப்பு ஆட்கள் உங்கள் இலக்கத்துக்கும் சேர்த்துப் போடுவதாகப் பேச்சு. பள்ளி முற்றத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சம்மதித்தீர்கள்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். உங்கள் இருவரில் ஒருவர்தான் தேறுவார் என்று பட்டது. சொன்னபடி நடந்தால், வெளியூர் வாக்குகளும் உள்ள சலீம்தான் அது என்றும் பட்டது. மறுநாள் உங்களிடம் வந்து, "நம்மட சனத்த ஒங்கட ஒரு இலக்கம் மட்டும் போடச் சொல்லுவம்," என்றேன்.

"சொல்லிட்டோமே, மாஸ்டர்."

"எல்லாரும் இப்பிடித்தானே செய்றாங்க, நானா."

நீங்கள் களப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். அதை நான் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே வீடு வீடாகச் செய்தி போயிற்று. ஊருக்கே தெரிந்த சங்கதி இது. உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் வென்றீர்கள். முதலில் சலாம் சொல்ல வந்தவர் சலீம்தான். "முபாரக் நானா. எங்கட ஆக்கள் ரெண்டு இலக்கமும் போட்டாங்க," என்றார். குரலில் குத்தல் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் உங்களால் தாங்கியிருக்க முடியும்.

சபையில் இருந்த காலத்தில் முதல் தண்ணீர்க் குழாயை அவர்கள் குடியிருப்புக்குத்தான் கொண்டுபோனீர்கள். "நீங்க எங்கட மெம்பரா, அவங்கட மெம்பரா?" என்று துறைமுகத்தில் கேலி செய்தார்கள். அடுத்த வேட்புமனுவுக்குக் கையொப்பம் கேட்டு நான் வந்தபோது பேனாவையே வாங்கவில்லை. "அந்தக் கதிரையில இருக்கக்குள்ள சலீம்ட மடியில இருக்கிற மாதிரி இருந்திச்சு. போதும் மாஸ்டர்," என்றீர்கள். நீங்கள் தோற்றுவிடப் பயந்ததாக ஊர் பேசியது. உங்கள் பதவிக் காலம் அப்படித்தான் முடிந்தது.

நீங்கள் கண்மூடுவதற்கு முன் சிலாபம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "சலீம் திரும்ப நிண்டா, நீங்களே போய் நம்மட சனத்திட்டக் கேளுங்க. ஒரு வூடும் விடாம."

"ஓம் நானா," என்றேன்.

இந்த முறை சலீம் பாராளுமன்றத்துக்கு நின்றார். அதே பட்டியலில் நம் ஊர்ப் பொடியன் ஒருவரும் நின்றார். அவருடைய இலக்கத்தோடு சலீமுடையதையும் போடச் சொல்லி நான் நடந்தேன். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார்: "அண்டைக்கு ஒண்டு எண்டீங்க, இண்டைக்கு ரெண்டு எண்டுறீங்க. மூணாவது எப்ப மாஸ்டர்?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? வாடிப் பெண்கள் கேலி செய்யவில்லை. "நானா சொல்லிட்டுப் போனதா? அப்ப போடுறம்," என்றார்கள். தெருத் தெருவாக முடித்துக்கொண்டு வந்தேன்.

துறைச் சந்து மட்டும் மிஞ்சியது. உங்கள் சந்து, நானா.

முனையில் உங்கள் தம்பி கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். என்னைத் தூரத்தில் கண்டதுமே, "நானாட பேரக் கெடுத்தது காணாதா மாஸ்டர்? இப்ப யார்ட பேரக் கெடுக்க வாறீங்க?" என்று சத்தம் போட்டார். நான் சந்துக்குள் கால் வைக்கவில்லை. நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் முழங்கால் வலித்தது. அதற்கடுத்த நாள் பிரசாரம் முடிந்துவிட்டது. உங்கள் பெயருக்கு வேறெங்கேயும்விட அங்கேதான் மதிப்பு. அங்கேதான் நான் அதைச் சொல்லவில்லை.

நேற்று சலீம் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். "கல்பிட்டியில எனக்கு இவ்வளவு விழும் எண்டு நான் நினைக்கல்ல. இந்த வயசில வூடு வூடா நடந்தீங்களாமே. ஒரு வூடும் விடல்லையாம்," என்றார். அந்தச் சந்தின் பெயர் என் வாய்வரை வந்தது.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றேன்.

எத்தனை வாக்கால் தோற்றார் என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் அந்தச் சந்தின் வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த தேர்தலுக்கு நான் இருப்பேனோ தெரியாது. தேர்தல் இல்லாமலும் அங்கே போகலாம். நீங்கள் சொன்னதை உங்கள் தம்பியின் முகத்துக்கு நேரே சொல்லலாம். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அதற்காகவே வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன், நானா.