ஒன்றுக்குப் பிறகு பத்து

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனாருக்காகப் பதினான்கு பாடங்களையும் வாசித்துப் பதிவு செய்து முடித்தேன். தொண்டை கட்டிவிட்டது. பார்வை போனதிலிருந்து அவர் பிசியோதெரபி படிக்கிறார். போன தடவை தேறவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

எல்லாவற்றையும் ஒரே ஒலிப்பதிவாக ஒட்ட, கணினிக்குக் கட்டளை எழுதும் ஸ்கிரிப்டில் ஒரே வரி. ‘பாடம்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு ஸ்டார் (*) போட்டால், அந்தப் பெயரில் தொடங்கும் கோப்பெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அனுப்பியாயிற்று. அப்பாடா.

மார்ச் 9

“எப்படியிருக்கு அண்ணி?” என்றேன்.

“எழுதினவனுக்கு எது முன்ன, எது பின்னன்னே தெரியல.”

புத்தகத்தைத்தானே திட்டுகிறார் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சாப்பிடும்போது நாத்தனார் சொன்னார்: “தோள்ல என்னென்ன எலும்புன்னே இன்னும் சொல்லல, அதுக்குள்ள அதை எப்படிப் பிடிச்சுவிடணும்னு ஆரம்பிச்சுட்டான்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் பாடம் முடிந்ததும் பத்தாம் பாடம்! அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு... பதினாலுக்குப் பிறகுதான் இரண்டு. ஸ்டார் எண்ணாகப் பார்க்காது, எழுத்தெழுத்தாகத்தான் பார்க்கும். 10 என்பது 1-இல் தொடங்குவதால் 2-க்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குத் தெரியாதா இது? பத்து வருஷமாக இதே வேலைதானே! பாட எண்ணையாவது வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நேரம் மிச்சம் பிடித்தேனாம்.

ஒவ்வொன்றையும் மனப்பாடம் ஆகும்வரை கேட்பவர் அவர். பத்து முதல் பதினாலு வரை முடித்துவிட்டார், இரண்டாம் பாடத்தை இன்னும் தொடவேயில்லை. தேர்வுக்குப் பத்தே நாள். எரிச்சலாக வருகிறது — யார் மேல்?

மார்ச் 18

01, 02 என்று பெயரை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. தப்பு என் ஸ்டாரால்தான் என்று சொல்லி நாத்தனாரிடம் நீட்டினேன், வாங்கவே மாட்டேன் என்கிறார்.

“உன் ஸ்டாரை நீயே வெச்சுக்க. எதிர்ல உட்காந்து படி.”

“ஆபீஸுக்கு யாரு போறது அண்ணி?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு வா.”

என்ன பிடிவாதம்! உண்மையைச் சொன்னால், அவர் எதிரில் உட்காராமல் தப்பிக்கத்தானே பதிவே செய்தேன்? எதைச் சொன்னாலும் ஒரு குத்தல்.

மார்ச் 22

ஐந்தாம் பாடம். என் உச்சரிப்பைத் திருத்துகிறார். கடவுளே.

மார்ச் 26

ஒன்பதாம் பாடமும் முடிந்தது. என் தோளைப் பிடித்து எலும்பு எலும்பாக ஒப்பித்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. நல்ல வலி. நாளைக்குத் தேர்வு.

ஏப்ரல் 6, திங்கள்

தேறிவிட்டார்! வீடெல்லாம் ஒரே சத்தம். ஆபீஸிலிருந்து வந்ததும் கால் தன்பாட்டுக்கு அவர் அறைக்குப் போய்விட்டது.

“இன்னும் என்ன பாடம்?” என்றார்.

“ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்.”

நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.